29.4 நிமிடம்: 2014 ஸ்பர்ஸ் அணியை எப்படிப் படிப்பது

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் மிக அழகாக ஆடிய அணிகளில் ஒன்று 2014-ன் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்கிறார்கள். ஆனால் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் அந்த அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்கு 17 புள்ளி எடுக்கவில்லை. சூப்பர் ஸ்டார் இல்லாமல் எப்படிச் சாம்பியன் ஆனார்கள்? அவர்களின் ஆட்ட பாணி என்ன, யார் யார் முக்கியம், எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

பதில்:

நீங்கள் பார்த்த அதே அட்டவணையில் புள்ளிகளுக்கு முன்னால் ‘நிமிடம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை முதலில் பாருங்கள். டோனி பார்க்கர் 29.4. டிம் டங்கன் 29.2. கவாய் லெனார்ட் 29.1. மனு ஜினோபிலி 22.8. ஒரு என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். 2013-14 சீசனில் ஸ்பர்ஸ் ஆட்டக்காரர் ஒருவர்கூட சராசரியாக 30 நிமிடம் களத்தில் நிற்கவில்லை. அதற்கு முன் எந்த என்பிஏ அணியும் ஒரு சீசனை இப்படி முடித்ததில்லை. அப்படி ஆடியே 62 வெற்றி, 20 தோல்வி என்று லீக்கில் முதலிடம் பிடித்தார்கள். அதே ஆண்டு எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கிய ஓக்லஹோமா சிட்டியின் கெவின் டுரான்ட் ஆட்டத்துக்கு 38.5 நிமிடம் ஆடி 32 புள்ளி எடுத்தார். ஒவ்வொரு இரவும் அவரைவிட ஒன்பது நிமிடம் குறைவாக ஆடியவர்தான் ஸ்பர்ஸில் அதிக நேரம் ஆடியவர். அந்த ஒன்பது நிமிடம் எங்கே போனது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

சூப்பர் ஸ்டார் இல்லாத அணி என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டங்கன், ஜினோபிலி, பார்க்கர் மூவரும் பின்னாளில், கூடைப்பந்தின் மகத்தானவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள். அப்போதைய பயிற்சியாளர் கிரெக் போபோவிச்சும் அங்கே இருக்கிறார். லெனார்ட் அப்போது 22 வயதுப் பையன். பிறகு என்னவானார் என்பது உலகத்துக்கே தெரியும். ஆட்டத்துக்கு 20, 25 புள்ளி எடுக்கத் தெரிந்தவர்கள்தான் இவர்கள். எடுக்காமல் இருக்கச் சம்மதித்தார்கள். ஏன் சம்மதித்தார்கள் என்று புரிய, முந்தைய ஆண்டின் ஒரு இரவுக்குப் போக வேண்டும்.

2013 ஜூன் 18, மயாமி. மயாமி அணிக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். ஸ்பர்ஸ் 3-2 என முன்னிலை. இதை ஜெயித்தால் கோப்பை. 28.2 விநாடி மிச்சமிருக்கும்போது 94-89. கோப்பை வழங்கும் விழாவுக்காகக் களத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். அதன் பிறகு மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் ஒரு த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) போட்டார். லெனார்ட், யாரும் தடுக்காமல் போடும் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். லெப்ரானின் அடுத்த த்ரீ வளையத்தில் பட்டுத் தெறித்தது. அந்தப் பந்தை அதே அணியின் கிறிஸ் பாஷ் பிடித்து, வலது மூலைக்குப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்த ரே ஆலனுக்குக் கொடுத்தார். 5.2 விநாடி இருக்கையில் அந்த த்ரீ உள்ளே போனது. ஓவர்டைமில் 103-100 என்று மயாமி ஜெயித்தது. தெறித்த பந்தைப் பிடிக்கும் அந்த ரீபவுண்டின்போது டங்கன் களத்தில் இல்லை, பெஞ்சில் இருந்தார். அன்று அவர் எடுத்தது 30 புள்ளி, 17 ரீபவுண்ட். ஜினோபிலி எட்டு முறை பந்தை இழந்திருந்தார். ஏழாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்துக்குள், சமன் செய்யக் கிடைத்த பந்தை வளையத்துக்கு மிக அருகிலிருந்து டங்கன் தவறவிட்டார். தடுக்க ஓடும்போது குனிந்து இரு கைகளாலும் தரையை ஓங்கி அறைந்தார். முகத்தில் எதையும் காட்டாத மனிதர் என்று பெயரெடுத்தவர் அவர். அந்த அறையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அக்டோபரில் பயிற்சி முகாம் தொடங்கியதும் போபோவிச் முதல் வேலையாக அந்தக் கடைசி இரண்டு ஆட்டங்களின் வீடியோவை எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். யாரையும் குற்றம் சொல்ல அதைச் செய்யவில்லை. அதைப் பேசாமல் ஒளித்து வைத்தால் சீசன் முழுக்க உள்ளே கிடந்து அரிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஆண்டு சிறந்த பயிற்சியாளர் விருது மூன்றாவது முறையாக அவருக்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால், அந்த விருதை அந்த வீடியோ அறையிலேயே அவர் சம்பாதித்துவிட்டார்.

இனி ஆட்ட பாணி. பழைய ஸ்பர்ஸ் இப்படி ஆடிய அணி இல்லை. 1999, 2003, 2005, 2007 கோப்பைகள் பெரும்பாலும் தடுப்பாட்டத்தால் வந்தவை. தாக்குதல் என்றால் இடது பக்கம் வளையத்தருகே முதுகு காட்டி நிற்கும் டங்கனிடம் பந்தைக் கொடு, அவர் பலகையில் அடித்துப் போடுவார். மெதுவான, நிதானமான ஆட்டம். 2010-ஐ ஒட்டி டங்கனின் முழங்கால் பழையபடி ஒத்துழைக்கவில்லை. போபோவிச் அணியின் அச்சை மாற்றினார். பந்து பார்க்கரின் கைக்குப் போனது, வேகம் கூடியது, மூலைகளில் த்ரீ போடுகிறவர்கள் நின்றார்கள். மாற்றம் உடனே கோப்பை தரவில்லை. 2011-ல் 61 ஆட்டம் ஜெயித்துவிட்டு எட்டாம் இடத்து மெம்ஃபிஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். 2012-ல், சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃபையும் சேர்த்து, தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்துவிட்டு, ஓக்லஹோமா சிட்டியிடம் அடுத்தடுத்து நான்கில் தோற்று வெளியேறினார்கள். 2013-ல் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். 2014-ல் நாம் பார்த்தது நாலு வருடம் ஊறிய ஆட்டம்.

அதன் அடிப்படை விதி அரை விநாடி. பந்து கைக்கு வந்ததும் அரை விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும்: ஷூட் பண்ணு, வளையத்தை நோக்கி டிரைவ் போ, இல்லையென்றால் பாஸ் கொடு. பந்தைப் பிடித்துக்கொண்டு யோசிக்க அனுமதி இல்லை.

கேட்க எளிதாக இருக்கும். எங்கள் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முயன்றபோதுதான் எவ்வளவு கடினம் என்று புரிந்தது. பந்து கைக்கு வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் ஒரு தட்டு தட்டினார்கள். எங்கும் போவதற்காக இல்லை, வெறும் பழக்கம். அந்த ஒரு தட்டு முடிவதற்குள் எதிராளி தன் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றுவிடுகிறான். ஐந்து பேருக்கும் அந்தத் தட்டை மறக்கடிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அப்புறமும் ஆட்டம் இறுகினால் அது திரும்பி வந்துவிடும். 2014 ஸ்பர்ஸைப் பாருங்கள்: ஆட்டக்காரரின் பாதம் பந்து வரும் முன்பே திரும்பியிருக்கும். முடிவைப் பாதி வழியிலேயே எடுத்திருப்பார்கள்.

இன்னொரு பழக்கம், நல்ல ஷாட் கிடைத்தாலும் அதைவிட நல்ல ஷாட்டுக்காக இன்னொரு பாஸ் கொடுப்பது. எதிராளியை மறித்து நிற்கும் சக ஆட்டக்காரரை (இதுதான் ஸ்கிரீன்) சுற்றிப் பார்க்கர் உள்ளே நுழைவார். உதவிக்கு ஒருவன் வருவான். பார்க்கர் வெளியே டேனி கிரீனுக்குக் கொடுப்பார். கிரீனை நோக்கி இன்னொருவன் பாய்வான். கிரீன் போடலாம், ஆனால் மூலையில் லெனார்ட் தனியாக நிற்பார், பந்து அங்கே போகும். ஒவ்வொரு பாஸுக்கும் எதிரணி ஒரு அடி பின்தங்கும். மூன்றாவது பாஸில் அந்த ஒரு அடி மூன்று அடியாகிவிடும். ஓடுகிற மனிதனைவிடப் பந்து வேகமானது என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள். அதை 82 ஆட்டம் முழுக்க நம்பிய அணி நான் பார்த்தவரை இதுதான்.

அவர்களின் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தையும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பார்வை எப்படி ஏமாற்றப்படுகிறது என்பது இதில் தெளிவாகத் தெரியும். இதற்கு ‘ஹேமர்’ என்று பெயர். ஜினோபிலி வலது பக்கம் பந்துடன் எல்லைக்கோட்டை ஒட்டி உள்ளே டிரைவ் போகிறார். எதிரணியின் ஐந்து பேர் தலையும் அவர் பக்கம் திரும்புகிறது. அதே நொடியில் களத்தின் மறுபுறம், யாரும் பார்க்காத இடது பக்கம், ஒரு உயரமான ஆட்டக்காரர் கிரீனைக் காவல் காப்பவனின் முதுகுக்குப் பின்னால் வந்து தூண் மாதிரி நிற்கிறார். கிரீன் சத்தமில்லாமல் இடது மூலைக்கு நழுவுகிறார். ஜினோபிலி வளையத்துக்கு அடியில், எல்லைக்கோட்டுக்கு இணையாக, பந்தை மூலைக்கு எறிகிறார். காவலாளி திரும்பி ஓட நினைக்கும்போதுதான் பின்னால் ஒரு தூண் நிற்பதே அவனுக்குத் தெரிகிறது. மூலையிலிருந்து த்ரீ-யின் தூரம் 22 அடி. நேர் எதிரே நின்றால் 23 அடி 9 அங்குலம். ஆகக் குறைந்த தூரத்தில், ஆள் இல்லாத இடத்தில், மூன்று புள்ளி. அந்த சீசனில் ஸ்பர்ஸின் த்ரீ சதவீதம் 39.7, லீக்கில் முதலிடம். ஆட்டத்துக்கு 25.2 அசிஸ்ட் (நேராகப் புள்ளியில் முடியும் பாஸ்), அதிலும் முதலிடம். இந்த இரண்டு எண்ணும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை.

ஆட்டக்காரர்களுக்கு வருகிறேன்.

டிம் டங்கன், 38 வயது. அமெரிக்க வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர். சிறுவயதில் நீச்சல்காரர், 1989-ல் ஹ்யூகோ புயல் அங்கிருந்த நீச்சல் குளத்தைச் சிதைத்த பிறகே கூடைப்பந்துக்கு வந்தார். அந்த சீசனில் 15.1 புள்ளி, 9.7 ரீபவுண்ட். அவரிடம் நான் மதிப்பது இந்த எண்களைவிட அவர் சம்பளத்தை. 2012-ல் புது ஒப்பந்தம் போட்டபோது ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் வாங்கியவர் ஏறத்தாழ பாதிக்கு இறங்கி வந்தார். என்பிஏ-வில் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. அவர் விட்டுக்கொடுத்த பணம் பெஞ்சில் நல்ல ஆட்களாக வந்து உட்கார்ந்தது.

டோனி பார்க்கர், பிரான்ஸ். 16.7 புள்ளி, 5.7 அசிஸ்ட். அணியிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். நீங்கள் குறிப்பிட்ட 17-ஐ எட்டாதவரும் இவர்தான். நெருக்கடியான இடத்துக்குள் புகுந்து, தன்னைவிட முக்கால் அடி உயரமானவர்களின் கைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போடுவார். முதல் விரிசலை உண்டாக்குவது அவர் வேலை; மற்றவர்கள் அதை அகலமாக்குவார்கள்.

மனு ஜினோபிலி, அர்ஜென்டினா. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் நாயகன். உலகின் எந்த அணியிலும் முதல் ஐவரில் ஆடக்கூடியவர், ஆண்டுக்கணக்காகப் பெஞ்சிலிருந்து வந்தார். 22.8 நிமிடத்தில் 12.3 புள்ளி, 4.3 அசிஸ்ட். ஒரு நட்சத்திரமே பெஞ்சில் உட்காரும்போது, ஒன்பதாவது ஆளாக வருபவன் எதை வைத்து முறையிடுவான்? ஸ்பர்ஸில் நிமிடங்களைப் பங்கிட முடிந்ததற்கு இவர் முக்கியக் காரணம்.

போரிஸ் டியாவ் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் அட்டவணை மிகவும் அநியாயம் செய்வது இவருக்குத்தான். 9.1 புள்ளி என்று மட்டும் இருக்கும். பார்க்கரின் சிறுவயது நண்பர், அவரும் பிரான்ஸ்காரர். 2012 மார்ச்சில் சார்லட் அணி இவரை விடுவித்தது. அந்த அணி அந்த சீசனில் ஜெயித்ததே ஏழு ஆட்டம்தான். உடற்கட்டைப் பார்த்தால் விளையாட்டு வீரர் என்று சொல்ல முடியாது, கனத்த உடம்பு, அவசரமில்லாத நடை. ஆனால் களத்தில் நிற்கும் பத்துப் பேரில் அடுத்து என்ன நடக்கும் என்று முதலில் தெரிவது இவருக்கு. மயாமியின் தடுப்பாட்டம் பந்து வைத்திருப்பவர் மேல் இரண்டு பேரைப் பாய விடும். மீதி மூன்று பேர் வேகத்தால் களத்தை மூடுவார்கள். அதற்கு மருந்து, அந்த இரண்டு பேருக்கு இடையில் ஒரு பாஸ். அதை நடுக்களத்தில் வாங்கி, உடனே சரியான ஆளுக்குக் கொடுக்கத் தெரிந்த ஒருவர். அங்கிருந்து நாலுக்கு மூன்று என்ற கணக்கு. அந்த ஒருவர் டியாவ். 2014 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் தியாகோ ஸ்ப்ளிட்டருக்குப் பதிலாக டியாவை முதல் ஐவரில் இறக்கினார் போபோவிச். அதன் பிறகு மயாமி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நான்காவது ஆட்டத்தில் டியாவின் கணக்கு 8 புள்ளி, 9 ரீபவுண்ட், 9 அசிஸ்ட்.

கவாய் லெனார்ட் 2011 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 15-ஆவதாக எடுக்கப்பட்டவர். இண்டியானா எடுத்ததும், போபோவிச்சுக்கு மிகப் பிடித்த ஆட்டக்காரர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து அன்றிரவே ஸ்பர்ஸ் வாங்கியது. விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை பதினொன்றேகால் அங்குலம் வரும் கை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் அவரது த்ரீ சதவீதம் 29 தான். ஸ்பர்ஸின் ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கெலண்ட் அவர் பந்தை விடும் விதத்தைத் திருத்தினார். என்பிஏ-வில் முதல் ஆண்டிலேயே அது 37-ஐத் தாண்டியது. 2013-14-ல் 12.8 புள்ளி, 6.2 ரீபவுண்ட். லெப்ரானைக் காவல் காக்கும் வேலை இவருடையது.

டேனி கிரீனை ஸ்பர்ஸே கழற்றிவிட்டுத் திரும்ப எடுத்தது. அவர் 2013 இறுதித் தொடரில் 27 த்ரீ போட்டு அப்போதைய சாதனையைப் படைத்தார். இத்தாலியின் மார்கோ பெலினெல்லி 11.4 புள்ளி, 43 சதவீத த்ரீ. ஆல் ஸ்டார் வார இறுதியின் த்ரீ போட்டியையும் வென்றார். பிரேசிலின் ஸ்ப்ளிட்டர் ஸ்கிரீன் போடுவதிலும் காவலிலும் நம்பகமானவர்.

பேட்டி மில்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணைத் தீவு மக்கள் வழி வந்தவர். 2009 டிராஃப்டில் 55-ஆவது ஆள். நில உரிமைக்காகப் போராடிய எடி மாபோ இவருக்கு உறவில் தாத்தா முறை. 1992 ஜூன் 3-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோவின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நாளை அங்கே மாபோ தினமாக நினைவுகூர்கிறார்கள். 2014 இறுதித் தொடர் தொடங்க இரண்டு நாள் முன்பு, ஜூன் 3 அன்று, அணியைக் கூட்டிய போபோவிச் மயாமியைப் பற்றித் தொடங்காமல் மாபோவைப் பற்றித் தொடங்கினார். தன் மக்களின் கதையை அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து அணியின் அறையில் கேட்ட மில்ஸ் நெகிழ்ந்து போனதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அணியில் பிரான்ஸ், அர்ஜென்டினா, பிரேசில், இத்தாலி, ஆஸ்திரேலியா, கனடா என்று பல நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். பக்கத்தில் நிற்பவன் யாரென்று தெரிந்தால்தான் பந்தைக் கொடுக்க மனம் வரும் என்பது போபோவிச்சின் கணக்கு என்று நினைக்கிறேன். இதையெல்லாம் விளையாட்டுக்கு வெளியே உள்ள விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது அந்த ஒன்பது நிமிடத்துக்கு வரலாம். பார்க்கர் 16.7, டங்கன் 15.1, லெனார்ட் 12.8, ஜினோபிலி 12.3, பெலினெல்லி 11.4, மில்ஸ் 10.2. ஆறு பேர் இரட்டை இலக்கம். கிரீனும் டியாவும் ஆளுக்கு 9.1, ஸ்ப்ளிட்டர் 8.2. ஒருவரிடமிருந்து எடுத்த நிமிடம் இன்னொருவரிடம் புள்ளியாகியிருக்கிறது. இந்த ஓய்வு விஷயத்தில் போபோவிச் லீக்கையே எதிர்த்து நின்றவர். 2012 நவம்பரில் மயாமிக்கு எதிரான ஆட்டத்துக்கு டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் நால்வரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். லீக் 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. ரசிகர்கள் பணம் கொடுத்து வந்தார்கள் என்ற லீக்கின் வாதத்திலும் நியாயம் உண்டு, அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஜூன் மாதத்தில் 38 வயதுக்காரரின் கால்கள் ஓடியதற்கு நவம்பரில் வாங்கிய ஓய்வும் காரணம்.

புள்ளி சராசரியைவிட நான் நம்பும் எண், எதிரணியுடனான இடைவெளி. ஸ்பர்ஸ் ஆட்டத்துக்கு 105.4 எடுத்து 97.6 கொடுத்தது. லீக்கில் அதைவிடப் பெரிய இடைவெளி அந்த ஆண்டு யாருக்கும் இல்லை. 97.6 என்பதையும் கவனியுங்கள்: அழகான தாக்குதல் என்றே எல்லோரும் பேசுவதால், லீக்கின் முதல் ஐந்து தடுப்பாட்டங்களில் ஒன்று இவர்களுடையது என்பது மறந்துபோகிறது. தேவையில்லாமல் ஃபவுல் செய்ய மாட்டார்கள். தங்கள் ஷாட் தவறினால் அந்த ரீபவுண்டுக்குச் சண்டை போடாமல் திரும்பி ஓடி வந்து வளையத்தை மூடுவார்கள். வளையத்தடியும் மூலை த்ரீயும் கிடைக்காது, நடுத்தூர ஷாட்டை வேண்டுமானால் போட்டுக்கொள் என்பார்கள். வெளியூரில் மட்டும் 30 வெற்றி, 11 தோல்வி. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை தொடர்ந்து 19 வெற்றி. பிளே ஆஃபைச் சேர்க்காமல் பார்த்தால், அணியின் வரலாற்றில் அதுவரை நீளமான வரிசை அது.

இவ்வளவு இருந்தும் பிளே ஆஃப் சுலபமாகப் போகவில்லை. முதல் சுற்றில் எட்டாம் இடத்து டல்லாஸ் ஏழு ஆட்டம் வரை இழுத்தது. மூன்றாவது ஆட்டத்தை வின்ஸ் கார்ட்டர் மூலையிலிருந்து கடைசி நொடி த்ரீயால் பறித்தார். போர்ட்லாந்தை 4-1 என முடித்தார்கள். அடுத்தது ஓக்லஹோமா சிட்டி, சீசனில் நான்கு முறை மோதி நான்கிலும் ஸ்பர்ஸ் தோற்ற அணி. காயத்தில் இருந்த செர்ஜ் இபாக்கா திரும்பி வந்ததும் முதல் இரண்டு ஆட்டத்தில் ஸ்பர்ஸுக்கு இருந்த ஆதிக்கம் மறைந்து தொடர் 2-2 ஆனது. ஆறாவது ஆட்டத்தில் கணுக்கால் வலியால் பார்க்கர் இரண்டாம் பாதியில் இறங்கவே இல்லை. ஒரே நட்சத்திரத்தை நம்பிய அணி அங்கே முடிந்திருக்கும். டியாவ் 26 புள்ளி எடுத்தார்; ஓவர்டைமில் டங்கன் 7. 112-107. அன்று மேடையில் மைக் நீட்டியபோது, இன்னும் நான்கு ஜெயிக்க வேண்டும், இந்த முறை முடிப்போம் என்றார் டங்கன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு அதற்கு முன் வந்து நான் கேட்டதில்லை.

இறுதித் தொடரில் மீண்டும் மயாமி. முதல் ஆட்டத்தில் அரங்கின் குளிர்சாதனம் பழுதாகி, புழுக்கத்தில் லெப்ரானுக்குத் தசைப்பிடிப்பு வந்து அவர் முடிக்க முடியாமல் போனது, ஸ்பர்ஸ் 110-95. அது அதிர்ஷ்டம் என்றார்கள். இரண்டாவதை லெப்ரான் 35 புள்ளியுடன் 98-96 என்று எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு ஆட்டத்திலும் லெனார்ட் எடுத்தது ஒன்பது, ஒன்பது. மூன்றாவதில் 29, நான்காவதில் 20 புள்ளியும் 14 ரீபவுண்டும், ஐந்தாவதில் 22. தொடரின் எம்விபி அவர், சராசரி 17.8. எதிரில் லெப்ரானின் சராசரி 28.2, ஆனாலும் அவர் அணி தோற்றது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மாதிரித் தொடர் அது என்று விளங்கும். கடைசி மூன்று ஆட்டங்களின் இடைவெளி 19, 21, 17. தொடர் முழுக்கச் சேர்த்துச் சராசரி 14 புள்ளி. இறுதித் தொடர் வரலாற்றில் அதைவிடப் பெரிய இடைவெளி இருந்ததில்லை. ஐந்து ஆட்டமும் சேர்த்து ஸ்பர்ஸின் ஷூட்டிங் 52.8 சதவீதம்.

ஐந்தாவது ஆட்டம் நமக்குத் திங்கட்கிழமை காலை 5:30. மயாமி 22-6 என்று முன்னேறியபோது டீவியை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாமா என்று நினைத்தேன். நல்லவேளை அணைக்கவில்லை. மில்ஸ் பெஞ்சிலிருந்து வந்து 17 எடுத்தார். முந்தைய ஜூனில் எட்டு முறை பந்தை இழந்த ஜினோபிலி, 36 வயதில், கிறிஸ் பாஷுக்கு மேலாக எழும்பி ஒரு கையால் பந்தை வளையத்துக்குள் அறைந்தார். 104-87.

உங்களுக்கு நேரம் குறைவென்றால் மூன்றாவது ஆட்டத்தின் முதல் பாதியை மட்டும் பாருங்கள். 33 ஷாட்டில் 25 உள்ளே, 75.8 சதவீதம், இறுதித் தொடரில் ஒரு பாதிக்கு அது சாதனை. இடைவேளையில் 71-50. முதல் முறை பந்தோடு பாருங்கள். இரண்டாம் முறை பந்தை விட்டுவிட்டு டியாவை மட்டும் பாருங்கள். பந்து அவரிடம் வருமுன் அவர் ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போன திசையில்தான் அடுத்த பாஸ் போகும்.